குட்டையான வடம்: பிள்ளையின் சரிந்த கழுத்துக்குச் சத்திரசிகிச்சை எப்போது, எப்படி?

இடுப்புப் பிடித்தாலும் நரம்பு, குதிகால் இழுத்தாலும் நரம்பு, கழுத்துத் திரும்பாவிட்டாலும் நரம்பு. மட்டக்களப்புப் பக்கத்தில் தோலுக்கு அடியில் விறைப்பாகக் கையில் தட்டுப்படும் எதற்கும் நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது ஒன்றுதான். அன்றாடப் பேச்சுக்கு அது போதும். ஆனால் ஒரு வைத்தியர், "பிள்ளையின் கழுத்தில் இறுகியிருப்பதை வெட்டிவிட வேண்டும்" என்று சொல்லும் நாளில் அந்தச் சொல் வீட்டையே கலக்கிவிடுகிறது. நரம்பை வெட்டினால் கை வழங்காமல் போகும், வாய் கோணும், பிள்ளை பேசாது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என் தங்கையின் மகளுக்கு மூன்று வயதில் இந்தச் சிகிச்சை என்று முடிவானபோது எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. பிள்ளையின் பெத்தா, அதாவது என் அம்மா, "கழுத்துச் சரிந்தால் சரிந்தபடி இருக்கட்டும், வெட்டக் கொடுக்க மாட்டேன்" என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தது சத்திரசிகிச்சை நிபுணர் செய்த ஒரு சின்னக் காரியம். பெத்தாவின் கையைப் பிடித்து அவருடைய கழுத்திலேயே வைத்துக் காட்டினார். அதையே நீங்களும் செய்து பாருங்கள். கண்ணாடி முன் நின்று முகத்தை இடப்பக்கம் நன்றாகத் திருப்புங்கள். கழுத்தின் வலப்பக்கத்தில், காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டிலிருந்து தொண்டைக்குழியை நோக்கிச் சாய்வாக ஒரு வடம் எழும்பி நிற்கும். விரலால் பிடித்தால் பிடிபடும். அது நரம்பு அல்ல, தசை. இறைச்சிக் கடையில் தொங்குவது எதுவோ, அதே பொருள். கீழே வந்து அது இரண்டாகப் பிரிகிறது: ஒரு கிளை நெஞ்சின் நடுவில் உள்ள மார்பெலும்பில் ஒட்டுகிறது, மற்றது காறை எலும்பில். ஒட்டும் மூன்று இடங்களையும் சேர்த்து ஸ்டெர்னோகிளைடோமாஸ்டொயிட் என்று வைத்தியர்கள் நீட்டி முழக்குவார்கள். நாம் அதைக் கழுத்து வடம் என்றே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு உண்டு, பக்கத்துக்கு ஒன்று.

இந்த இரண்டில் ஒன்று பிறக்கும்போதே குட்டையாகவும் இறுக்கமாகவும் இருந்தால் வருவதுதான் பிறவித் தசைக் கழுத்துச் சரிவு. ஆங்கில மருத்துவத்தில் இதற்கு டோர்டிகோலிஸ் என்று பெயர். முறுகிய கழுத்து என்ற பொருளுள்ள இலத்தீன் சொற்களிலிருந்து வந்தது. பெயரில் உள்ள முறுக்கைக் கவனியுங்கள். பிள்ளையின் கழுத்து வெறுமனே ஒரு பக்கம் சாய்வதில்லை, கூடவே திரும்பவும் செய்கிறது. வலப்பக்க வடம் குட்டையென்றால் தலை வலத் தோளை நோக்கிச் சாயும், நாடியோ இடப்பக்கம் பார்க்கும். முதலில் கேட்பவருக்கு இது முரணாகத் தெரியும். வடம் போகும் பாதையை நினைத்தால் விளங்கிவிடும். அது காதுக்குப் பின்னால் தொடங்கி முன்பக்கம் நெஞ்சுக்கு வருகிறது. ஆகவே அது இழுத்தால் காதின் பின்புறம் கீழேயும் முன்னேயும் வரும். வலக்காது முன்னே வந்தால் முகம் இடப்பக்கம் திரும்பாமல் வேறெங்கே போகும்?

முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி ஆன்டெனா கம்பம் நின்றதே, அதை நாலு பக்கமும் கம்பி கட்டி நிறுத்துவார்கள். ஒரு கம்பியை மட்டும் அதிகமாக இறுக்கினால் கம்பம் அந்தப் பக்கம் சாயும். கம்பத்தில் எந்தக் குறையும் இல்லை. இந்தப் பிள்ளைகளின் கழுத்தெலும்பிலும் முள்ளந்தண்டிலும் குறை இல்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு, அதை மறந்துவிட்டால் இந்தக் கட்டுரையின் மீதி விளங்காது: ஆன்டெனா கம்பம் வளர்வதில்லை, பிள்ளை வளர்கிறது. கழுத்து நீள நீள, நார்போல ஆகிவிட்ட வடம் அதற்கு ஈடாக நீளாது. ஆறு மாதத்தில் இலேசாகத் தெரிந்த சரிவு ஆறு வயதில் ஊருக்கே தெரியும்.

ஏன் குட்டையாகிறது? முடிந்த முடிவாக ஒரு காரணத்தை யாரும் நிறுவவில்லை. கருப்பையில் இடநெருக்கடியில் தலை நீண்ட நாள் ஒரே பக்கம் மடங்கியிருப்பது, அதனால் அந்தத் தசைக்குள் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசைநார்களின் இடத்தில் தழும்புத் திசு வந்து நிறைவது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். முதற் பிள்ளைகளிடமும், தலை கீழிறங்காமல் பிட்டம் முன்னே வந்த பிள்ளைகளிடமும், பிரசவம் கடினமாக இருந்தவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. வயிற்றை வெட்டி எடுத்த பிள்ளைகளுக்கும் வருகிறது. ஆகவே பிரசவம் பார்த்தவர் தலையைப் பிடித்து இழுத்துவிட்டார் என்று ஒரேயடியாகப் பழி போடுவது சரியல்ல. கர்ப்பத்தில் தாய் கிரகணம் பார்த்தாள், ஒரு பக்கமாகவே படுத்தாள் என்ற கதைகளை இங்கே எழுதவே வேண்டாம். எங்கள் வீட்டில் அவற்றைக் கேட்டு என் தங்கை அழுத அழுகை போதும்.

பல ஆய்வுகள் தரும் கணக்கின்படி, பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் 3 முதல் 20 பேர் வரை இதனுடன் பிறக்கிறார்கள். அபூர்வ நோய் என்று சொல்ல முடியாது. பிறவியில் வரும் எலும்பு, தசைக் குறைபாடுகளில் இடுப்பு மூட்டு விலகலுக்கும் உட்புறம் வளைந்த பாதத்துக்கும் அடுத்த இடம் இதற்கு என்பார்கள்.

சில பிள்ளைகளுக்குப் பிறந்து இரண்டு முதல் நாலு வாரங்களில் அந்த வடத்தின் நடுவே கொட்டைப்பாக்கு அளவில் கடினமான ஒரு கட்டி தட்டுப்படும். பெற்றோரின் நெஞ்சு நின்றுபோகும் நேரம் அது. புற்றுநோயா என்று வாய்விட்டுக் கேட்கப் பயந்து கேட்காமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. அது புற்றுநோய் அல்ல. தசைக்குள் திரண்ட நார்த்திசு. சில வாரங்கள் பெருத்து, பிறகு மெல்லக் கரைந்து, பெரும்பாலும் எட்டு மாதமளவில் கைக்குத் தட்டுப்படாமல் போய்விடும். சந்தேகம் தீர ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கும் தேவை சாதாரணமாக வராது. ஆனால் கட்டி மறைந்ததும் "சுகமாகிவிட்டது" என்று கிளினிக் போவதை நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு. கட்டி கரைந்த இடத்தில் இறுகிய நார் மிஞ்சியிருக்கலாம்.

நம் நாட்டில் இதை ஆரம்பத்திலேயே பிடிப்பதற்கு நல்ல வாய்ப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளை பிறந்த முதல் வாரங்களில் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வருகிறார். இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் தடுப்பூசிக்காக நாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போகிறோம். ஊசி போட்டு நிறை பார்த்துத் திரும்பும் முன், "மிஸ், பிள்ளை ஒரு பக்கமே பார்க்கிறது, ஒரு பக்கத்து முலையில் மட்டும் பால் குடிக்க மறுக்கிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாமல் விடுவதற்கு நாம் சொல்லும் காரணம், "படுத்த வாக்கு, வளர வளரச் சரியாகும்."

ஒரே பக்கமாகக் கிடப்பதால் பின்தலையின் ஒரு பக்கம் தட்டையாவதையும் சேர்த்துக் காட்டுங்கள். இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கழுத்துக்கும் இடுப்புக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். இரண்டும் கருப்பை நெருக்கடியோடு தொடர்புள்ளவை என்பதால், கழுத்துச் சரிவுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இடுப்பு மூட்டும் சரியாக அமைந்திருப்பதில்லை. அதைத் தவறவிட்டால் நடக்கும் வயதில் நொண்டல் வந்து நிற்கும்.

இனி ஒரு நல்ல செய்தி. பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் முறையாகப் பயிற்சி தொடங்கினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கத்தி இல்லாமலே குணமாகிறார்கள். முதல் மாதத்தில் தொடங்குகிறவர்களுக்குச் சில வாரங்களில் முடிகிற வேலை, ஆறு மாதம் கழித்துத் தொடங்கினால் மாதக்கணக்கில் இழுக்கும். சத்திரசிகிச்சையைப் பற்றி எழுத வந்தவள் பயிற்சியைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பிறகும் செய்யப்போவது இதே பயிற்சியைத்தான்.

பயிற்சி என்ன? வலப்பக்க வடம் இறுகிய பிள்ளை என்று வைப்போம். இரண்டு அசைவுகள். தலையை மெதுவாக இடத் தோளை நோக்கிச் சாய்ப்பது ஒன்று. நாடியை வலத் தோளை நோக்கித் திருப்புவது மற்றது. அதாவது நோய் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு நேர் எதிராக. எவ்வளவு நேரம், நாளுக்கு எத்தனை தடவை என்பதை இயன்மருத்துவர் சொல்லி, உங்கள் கையைப் பிடித்துச் செய்து காட்ட வேண்டும். படம் பார்த்துப் பழகும் வேலை அல்ல இது. அதைவிட முக்கியம், பிள்ளையே தானாகத் திரும்பும்படி வீட்டை மாற்றுவது. பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கச் சிரமப்படுகிறதோ அந்தப் பக்கத்தில் ஜன்னல் வெளிச்சமும் கிலுகிலுப்பையும் தாயின் குரலும் இருக்க வேண்டும். விழித்திருக்கும்போது ஆள் பக்கத்திலிருக்கக் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்ட வேண்டும். தூங்கும்போது மல்லாத்தித்தான் போட வேண்டும். ஏணையில் நாள் முழுவதும் கிடக்கும் பிள்ளையைச் சீலை இருபக்கமும் அணைத்துக்கொள்வதால் தலை திரும்ப இடமில்லை. பாயில் விடுவது நல்லது.

எண்ணெய் பூசி மெல்லத் தடவுவதால் கெடுதி இல்லை. ஆனால் சுளுக்கு எடுக்கிறோம் என்று பச்சைப் பிள்ளையின் கழுத்தைச் சட்டென்று முறிக்கிறார்களே, அதற்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். பிறவியில் குட்டையான தசை சுளுக்கு அல்ல. ஒரு வெட்டு இழுப்பில் அது நீளாது, சேதம்தான் வரும்.

அப்படியானால் சத்திரசிகிச்சை யாருக்கு? ஆறு மாதமாவது ஒழுங்காகப் பயிற்சி செய்தும், ஒரு வயது கடந்தும், கழுத்து இன்னும் திரும்பாத பிள்ளைக்கு. வைத்தியர்கள் இதைக் கண்மட்டத்தில் சொல்வதில்லை, அளக்கிறார்கள். நல்ல பக்கம் எவ்வளவு திரும்புகிறதோ அதைவிட 15 பாகைக்கு மேல் குறைவாகத் திரும்புவது, வடம் கயிறுபோல் புடைத்து நிற்பது, முகத்தின் இரு பக்கங்களும் வேறுபட்டு வளரத் தொடங்குவது ஆகியவை சேர்ந்து தெரிந்தால் பேச்சு கத்திப் பக்கம் திரும்பும். ஒரு வயதுக்கு முன் வந்து நன்றாகப் பயிற்சி செய்தவர்களில் மிகச் சிலரே இந்த இடத்துக்கு வருகிறார்கள். பிந்தி வந்தவர்கள்தான் அதிகம்.

எந்த வயதில் செய்வது என்பதில் நிபுணர்களிடையே ஒரே கருத்து இல்லை. ஒன்றுக்கும் நான்குக்கும் இடையில் செய்தால் முகமும் மண்டையும் வளர்ந்து தம்மைத் தாமே திருத்திக்கொள்ளக் காலம் கிடைக்கிறது என்பது ஒரு பக்கம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை சொன்னதைக் கேட்டுப் பயிற்சி செய்யும், பிறகு கழுத்துப் பட்டி போட்டால் பிய்த்து எறியாது என்பது மறுபக்கம். என் கருத்தைக் கேட்டால், முதலாம் வகுப்புச் சேர்க்கும் முன் முடிந்துவிட வேண்டும். பட்டப்பெயர் வைப்பதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இரக்கமே கிடையாது. பத்து, பன்னிரண்டு வயதில் வந்தாலும் கழுத்து திரும்புவதற்குப் பலன் உண்டு. பிந்திவிட்டது என்று கைவிட வேண்டியதில்லை. ஆனால் அந்த வயதில் முகத்தில் படிந்துவிட்ட கோணல் முழுதாக மாறும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

கத்தி எடுக்கும் முன், இது உண்மையில் வடத்தின் குற்றம்தானா என்று உறுதிசெய்வார்கள். எக்ஸ்ரே எடுப்பது கழுத்தெலும்புகள் ஒட்டியோ அரைகுறையாகவோ பிறந்திருக்கின்றனவா என்று பார்க்க. கண் வைத்தியரிடம் அனுப்புவதைக் கண்டு, "கழுத்துக்கு வந்தால் கண்ணுக்கு அனுப்புகிறார்களே" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கண்ணை அசைக்கும் தசை ஒன்று பலவீனமாக இருந்தால் பிள்ளைக்கு எல்லாம் இரண்டாகத் தெரியும். தலையைச் சரித்தால் ஒன்றாகத் தெரியும். அதனால் பிள்ளை சரித்தே வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பிள்ளையின் ஒரு கண்ணை மூடினால் தலை பெரும்பாலும் தானாக நிமிரும். அதற்குக் கழுத்தை வெட்டி என்ன பயன்? இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேற்றுவரை நேராக இருந்த கழுத்து திடீரென்று சரிந்தால், அதுவும் காய்ச்சல், தொண்டை நோ, விழுந்த அடி, வாந்தி, தள்ளாட்டம் இவற்றில் ஏதாவது கூட இருந்தால், அது இந்தக் கட்டுரையின் விஷயமே அல்ல. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை, அம்பாறை என்று எங்கே காட்டினாலும், எந்த இடத்தில் வைத்துச் செய்வது என்பதை நிபுணர்தான் தீர்மானிப்பார். சிலரைக் கொழும்பில் பொரளையிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பலாம். அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இரவு பஸ்ஸும், துணைக்கு நிற்பவரின் சாப்பாடும், வேலைக்குப் போகாத நாட்களும்தான் செலவு. அந்தச் செலவும் நாட்கூலிக் குடும்பத்துக்குச் சின்னது அல்ல. ஆகவே எத்தனை முறை வரவேண்டியிருக்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எங்கள் பிள்ளைக்குக் குறித்த நாள் ஒருமுறை தள்ளிப்போனது. காரணம் சளி. மூக்கொழுகும் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுக்குழாய் சுருங்கும் ஆபத்து கூடுதல் என்பதால் தள்ளிவைப்பார்கள். கோபப்பட ஒன்றுமில்லை. வெறும் வயிறும் அதே போல் முக்கியம். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவாகச் சாப்பாட்டையும் மாப்பாலையும் ஆறு மணித்தியாலத்துக்கு முன்பும், தாய்ப்பாலை நான்கு மணித்தியாலத்துக்கு முன்பும், வெறும் தண்ணீரை ஓரிரு மணித்தியாலத்துக்கு முன்பும் நிறுத்துவார்கள். உங்கள் விடுதியில் சொல்வதே கணக்கு. அழுகிறதே என்று ஒரு பிஸ்கட்டை ஒளித்துக் கொடுக்கும் உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவரை அன்று காலையில் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். பிள்ளை முழு மயக்கத்தில் இருக்கும். தோளுக்கு அடியில் சிறு தலையணை வைத்து, இறுகிய பக்கம் மேலே தெரியும்படி முகத்தை மறுபக்கம் திருப்புவார்கள். காறை எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, கழுத்தின் இயற்கையான மடிப்பின் வழியே, சில சென்ரிமீற்றர் நீளத்துக்குத் தோலைத் திறப்பார்கள். எலும்பின் மேலேயே கீறினால் தழும்பு இழுபட்டு அகலமாகும், மடிப்பில் கீறினால் மடிப்போடு மறைந்துபோகும். வடத்தின் இரண்டு கிளைகளையும் சுற்றியுள்ளவற்றிலிருந்து பிரித்து, அடியில் ஒரு கருவியை நுழைத்துத் தூக்கி, அதன் மேல் வைத்து வெட்டுவார்கள். அடியில் கருவி எதற்கென்றால், அதற்குக் கீழேதான் கழுத்தின் பெரிய இரத்தக் குழாய்கள் போகின்றன. பலர் ஒரு சிறு துண்டையும் எடுத்துவிடுவார்கள், முனைகள் திரும்பச் சந்தித்து ஒட்டாமல் இருக்க. பிறகு தலையைத் திருப்பிப் பார்த்து, விரலால் தடவி, இன்னும் இழுக்கும் நார் ஏதாவது இருந்தால் அதையும் விடுவிப்பார்கள். தோலுக்கு உள்ளே கரையும் நூலால் தைத்து முடிப்பார்கள்.

சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்தக் கீழ்முனை வெட்டு போதும். வயது கூடியவர்களுக்கும் இறுக்கம் கடுமையாக உள்ளவர்களுக்கும் காதுக்குப் பின்னாலும் ஒரு சிறு கீறல் போட்டு மேல்முனையையும் விடுவிப்பதுண்டு. இன்னொரு முறை எனக்கு மிகவும் பிடித்தது. தொண்டைக்குழியின் இரு பக்கமும் இந்த இரண்டு வடங்கள்தான் வி வடிவத்தைத் தருகின்றன. ஒன்றை முழுதாக வெட்டினால் கழுத்தின் ஒரு பக்கம் சப்பையாகத் தெரியலாம். அதனால் மார்பெலும்புக் கிளையை இசட் எழுத்துப்போல் படிவெட்டாக வெட்டி, முனைகளை நழுவவிட்டு நீளமாக்கித் தைக்கிறார்கள். வடம் அறுவதில்லை, நீளுகிறது. சட்டை இறுக்கமானால் ஒட்டுத்துணி வைத்துத் தைக்கும் தையற்காரரின் புத்திதான் இது.

வெட்டிய தசையால் பிறகு வேலை நடக்குமா என்று பெத்தா கேட்டார். நல்ல கேள்வி. வெட்டிய முனை அந்தரத்தில் தொங்குவதில்லை. சற்று மேலே விலகிய நிலையில் புதிய திசு வளர்ந்து சுற்றியுள்ளவற்றோடு பற்றிக்கொள்கிறது. கழுத்தை அசைக்க இன்னும் பல தசைகளும் உண்டு. பிள்ளை தலையைத் தூக்கும், திருப்பும், ஓடும்.

நரம்பு பற்றிய பயம் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்லமாட்டேன். தோளைத் தூக்க உதவும் ஒரு நரம்பு இந்தத் தசையின் மேற்பகுதியை ஒட்டிப் போகிறது. முகத்தை அசைக்கும் நரம்பு காதுக்குக் கீழே இருக்கிறது. காதுப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று வடத்தின் மேலேயே ஏறிப்போகிறது. இவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துதான் அவர்கள் கீறுகிறார்கள். கீழ்முனை வெட்டைப் பலரும் முதலில் தெரிவுசெய்ய ஒரு காரணம், அது முதலிரண்டு நரம்புகளிலிருந்தும் தள்ளி இருப்பது. இரத்தம் கட்டுதல், கிருமி தொற்றுதல், தழும்பு தடித்தல் ஆகியவையும் நடக்கலாம். நம்மைப் போன்ற நிறமுள்ள தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு கூடுதல். குடும்பத்தில் யாருக்காவது காது குத்திய இடத்தில் கொட்டைபோல் வளர்ந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இது புதிய சோதனை முயற்சியும் அல்ல. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் இந்தத் தசையை வெட்டிக் கழுத்தை நிமிர்த்திய பதிவுகள் உண்டு. 1822இல் பிரெஞ்சுச் சத்திரசிகிச்சையாளர் டுப்புய்ட்ரன் தோலில் சிறு துளையிட்டு உள்ளே கத்தியை விட்டு வெட்டினார். மயக்க மருந்து பாவனைக்கு வர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் நமக்கு வாய்த்தது பாக்கியம்.

பெரும்பாலானவர்கள் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். வீட்டில் எல்லாரும் பெருமூச்சு விட்டு ஓய்கிறார்கள். மீண்டும் சரிகிற கழுத்துகள் பலவற்றின் கதை அங்கேதான் தொடங்குகிறது. வெட்டிய இடத்தில் உடம்பு தழும்புத் திசுவை வளர்க்கும். தழும்புத் திசுவின் குணம் சுருங்குவது. அதைச் சுருங்கவிட்டால் வெட்டுவதற்கு முன் இருந்ததைவிட முரட்டு நாராகி அது இழுக்கும். ஆகவே காயம் ஆறத் தொடங்கியதும், நிபுணர் சொல்லும் நாளில், முன்பு சொன்ன அதே இரண்டு அசைவுகள் மீண்டும் தொடங்கும். மூன்று மாதமாவது தொடரும், பலருக்கு ஆறு மாதம், ஒரு வருடம் வரைக்கும். சிலர் இதனுடன் கழுத்துப் பட்டியும் கொடுப்பார்கள். தலையை நேராக அல்ல, எதிர்ப்பக்கம் சற்று அதிகமாகவே சாய்த்து நிறுத்தும்படி அதைப் பொருத்துவதும் உண்டு. மட்டக்களப்பு வெயிலில் அந்தப் பட்டிக்கு உள்ளே வியர்த்து வேர்க்குரு போடும். மெல்லிய பருத்தித் துணியை உள்ளே வைத்து அடிக்கடி மாற்றினோம்.

முதல் வாரம் பிள்ளை அழும். நோ மருந்தை நேரத்துக்குக் கொடுத்து, அது வேலை செய்யும் நேரம் பார்த்துப் பயிற்சி செய்தால் பாதி அழுகை குறையும். எங்கள் வீட்டில் பெத்தாதான் பயிற்சி மணியாக மாறினார். காலையில் பிட்டு அவிக்கும்போது ஒன்று, குளிப்பாட்டிய பின் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று. வாசற்படியில் மறியல் இருந்த அதே மனிசி, ஒரு நாள் பயிற்சி தவறினால் என் தங்கையைப் பேசினார்.

யாரும் எங்களுக்கு முன்னரே சொல்லாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வடம் விட்டுக்கொடுத்த பிறகும் பிள்ளை தலையைச் சரித்தே வைத்திருந்தது. சிகிச்சை பலிக்கவில்லை என்று பதறிப்போனோம். இயன்மருத்துவர் சிரித்தார். மூன்று வருடமாகச் சரிந்த உலகத்தையே நேர் என்று பழகிய கண்ணுக்கும் மூளைக்கும் இப்போதுதான் எல்லாம் கோணலாகத் தெரிகிறதாம். அதற்கு அவர் சொன்ன மருந்து கண்ணாடி. அலுமாரிக் கண்ணாடியில் மேலிருந்து கீழே நேராக ஒரு சிவப்பு டேப்பை ஒட்டினோம். மூக்கும் நாடியும் அந்தக் கோட்டில் வர வேண்டும், இதுதான் விளையாட்டு. பிள்ளை பெத்தாவையும் இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தும். பெத்தாவின் மூக்கு கோட்டை விட்டு விலகினால் அதட்டும். நாலு மாதம் கழித்து டேப்பின் பசை காய்ந்து அது தானாகக் கழன்று விழுந்தது. புதிதாக ஒன்று ஒட்டலாமா என்று தங்கை கேட்டபோது, பிள்ளை கண்ணாடியைத் திரும்பியும் பார்க்காமல் முற்றத்துக்கு ஓடிவிட்டது.